தொட்டி நிறைய மூச்சு

விளக்குகள் எரிந்து காலை ஆனதும், இளம்பரிதி முதல் வேலையாக வீட்டின் காற்றைக் குறைத்தார். சுவரில் இருந்த காற்றுத் திருகு, ஆக்சிஜன் பதினைந்து சதவீதம் என்ற இடத்தில் நின்றது. அதைப் பதினான்குக்கு இறக்கினார். பூமியில் மனிதன் இருபத்தொன்றில் சுவாசித்தவன். டைட்டனின் நீலக்கரைக் குடியிருப்பிலோ, சொந்த விமானம் வைத்திருந்த எவரும் பதினாறைத் தாண்டியதில்லை.

சனியின் இந்தத் துணைக்கோளில் எரிபொருளுக்குப் பஞ்சமே கிடையாது. ஏரியில் மீத்தேன் அலையடித்தது. ஆலைக்காரர்கள் அதை டீசலாக்கி, கேட்டவருக்கெல்லாம் சும்மாவே ஊற்றிக் கொடுத்தார்கள். இல்லாதது ஆக்சிஜன்தான். பனிப்பாறையை மின்சாரத்தால் பிளந்து எடுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று வீடுகளுக்கு அனுப்பினார்கள். டீசல் எரியவும் அதுதான் வேண்டும். எனவே விமானக்காரர்கள் வீட்டுக்குள் விடாமல் மிச்சம் பிடித்ததை விமானத்தின் தொட்டியில் அடைத்து வைத்தார்கள். புது விமானம் வந்து இறங்கினால், அக்கம்பக்கத்தார் அதைத் தடவிப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி, “மைலேஜ் என்ன கொடுக்குது?” என்பதுதான். ஒரு கிலோ ஆக்சிஜனுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அர்த்தம்.

ஆறு வருடங்களுக்கு முன், வாங்குவதா வேண்டாமா என்று இளம்பரிதி ஒரு தாளின் நடுவே கோடு கிழித்து எழுதிப் பார்த்தார். நல்லது என்ற பக்கத்தில் மூன்று. மின்கல விமானம் குளிரில் செத்துப்போகும், டீசல் என்ஜின் சாகாது. கனமான காற்றில் சின்ன இறக்கையே போதும். நானூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்கு மூன்றே மணி நேரத்தில் போய்விடலாம். கெட்டது என்ற பக்கத்தில் “மூச்சு” என்று எழுதினார். பிறகு மனசு கேட்காமல் அதன் முன்னால் “கொஞ்சம்” என்று சேர்த்தார்.

அவருடைய மனைவி குமுதா பள்ளியில் கணக்கு டீச்சர். தாளைப் படித்துவிட்டு, “ஆஸ்பத்திரிக்கு மின்சாரத்துல ஓடுற கம்பிவண்டிதான் இருக்கேங்க. ஒரு நாள் ஆனா என்ன, படுத்துக்கிட்டே போயிடலாம்” என்றாள்.

“அவசரத்துக்கு அது ஆகுமா?” என்றார் இளம்பரிதி.

எல்லா வீட்டிலும் இதே பேச்சு நடந்தது. எல்லோரும் விமானம் வாங்கினார்கள். ஏற ஆளில்லாமல் கம்பிவண்டி நின்றுபோனது. இளம்பரிதியின் விமானம் ஆறு வருடத்தில் பறந்தது இரண்டே முறை; ஒரு கல்யாணத்துக்கு, ஒரு கிரகப்பிரவேசத்துக்கு. மற்ற நாளெல்லாம் படுக்கையறைச் சுவரை ஒட்டிய கொட்டகையில், உறை போர்த்திக்கொண்டு, தொட்டி நிறைய மூச்சோடு சும்மா நின்றது.

குமுதாவுக்கு முதலில் படியேற முடியாமல் போனது. பிறகு கரும்பலகை முன்னால் நின்று ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் போனது. கால் வீங்கியது, உதடு கறுத்தது. வயசாகிறது என்றார் இளம்பரிதி. அவளுக்கு நாற்பத்துநான்கு.

அன்று திருகை இறக்கிய ஒரு மணி நேரத்தில் அவள் அடுப்படியில் சரிந்தாள். பதறிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். உறையை உருவும்போது, அந்த நிலையிலும், வாங்கியது வீண் போகவில்லை என்று ஓர் எண்ணம் அவர் மனதில் ஓடியது. அதை நினைத்து வெட்கப்பட அவருக்கு அப்போது நேரமில்லை.

பாதி வழியில் குமுதா கண் திறந்தாள். “உள்ள கொஞ்சம் காத்து கூட்டி விடுங்களேன்.”

“பொறுத்துக்கோம்மா. அப்புறம் என்ஜினுக்குப் பத்தாது.”

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரெஜினா பத்து நிமிடத்தில் பார்த்து முடித்தார். “வீட்டுக் காத்தை எத்தனைல வெச்சிருந்தீங்க?”

“பதினஞ்சு. சில நாள் பதினாலு.”

“எத்தனை வருஷமா?”

“ஆறு.”

“இதயம் வீங்கியிருக்கு சார். இதுக்குக் காத்துதான் மருந்து. ரெண்டு மாசம் இருபத்தொண்ணுல வெச்சா எழுந்துடுவாங்க.”

“வையுங்க டாக்டர்!”

“முழுக்காத்து அறை எங்ககிட்ட நாலுதான். வரிசையில அறுபத்தஞ்சு பேர் இருக்காங்க. எல்லாரும் சொந்த விமானத்துல வந்தவங்கதான். உங்க தொட்டியில இருக்கிறதைக் கொடுங்க, இப்பவே குழாய் போட்டுடறோம்.”

“முள்ளு அடியில கிடக்கு.”

“கிளம்பறப்ப எவ்வளவு இருந்துச்சு?”

“நூறு கிலோ.”

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். “ரெண்டு மாசத்துக்கு அதுவே போதுமே சார். வீட்டுக்குள்ளயே திறந்து விட்டிருக்கலாமே.”

அந்தத் தொட்டி குமுதாவின் தலையணையிலிருந்து ஒரு கை தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு வருடம் இருந்தது. “வரிசை வர வரைக்கும் தாங்குவாளா?” என்று கேட்டார்.

“ஒரு வாரம் தாங்கினா பெரிசு.”

இளம்பரிதி தாழ்வாரத்துக்கு வந்து, அங்கே போட்டிருந்த அவள் கட்டிலின் அருகில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். குமுதாவின் கை அவர் தலையைத் தேடி வந்தது.

“அந்தத் தாள்ல... நல்லதுன்னு... மூணாவதா என்ன எழுதினீங்க?”

“ஆஸ்பத்திரி பக்கம்னு.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். அதற்கும் மூச்சு வேண்டியிருந்தது.

அடுத்த கட்டிலில் தன் அண்ணனை வைத்துக்கொண்டிருந்தவர் ஆறுதல் சொல்ல அருகில் வந்து உட்கார்ந்தார். “மனசை விடாதீங்க சார். நம்மகிட்ட இருக்கிறதெல்லாம் பழைய என்ஜின், அதான் இப்படிக் குடிக்குது. இப்ப புது மாடல் ஒண்ணு வந்திருக்கு. அது மட்டும் இருந்திருந்தா உங்களுக்குப் பாதித் தொட்டி மிஞ்சியிருக்கும்.”

இளம்பரிதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். குமுதா அவர் முகத்தையே பார்த்தாள். இருபது வருடமாகப் பார்த்த முகம். அடுத்து என்ன கேட்பார் என்று தெரிந்தவளாக, மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

“அது மைலேஜ் என்ன கொடுக்குதாம்?” என்று கேட்டார் இளம்பரிதி.