மூடாதப்பா

இரைப்பு நின்றுபோயிருந்தது.

மழை பிடித்துக்கொண்ட நாளிலிருந்து பக்கத்து அறையில் இருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்த சத்தம் அது. மூச்சை இழுக்கும்போது ஓட்டை விசில் மாதிரி ஒரு கீச்சு, விடும்போது தொண்டைக்கு அடியில் ஒரு கரகரப்பு. மகளின் அந்த மூச்சைக் காதில் வைத்துக்கொண்டேதான் அவன் சாப்பிடுவான், குளிப்பான், தூங்குவான். செயற்கைப் பல் செய்யும் பட்டறையில் அவன் வேலை பார்க்கும்போதுகூட, அத்தனை இயந்திர இரைச்சலுக்கு நடுவிலும் அது கேட்கிற மாதிரியே இருக்கும். இப்போது, விளக்குப் போடுகிற நேரத்தில், சட்டென்று ஒன்றுமில்லை. மழைத்தண்ணீர் குழாயில் இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

நல்லதுதானே? சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? ஆனால் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போய் எட்டிப் பார்த்தான். வாண்டு முழங்காலை மடக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். போர்வையை இழுத்துவிட்டான். மின்விசிறியைக் குறைத்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான். அப்புறம் தன்னையே திட்டிக்கொண்டு மேசை விளக்கைப் போட்டான்.

மேசைமேல் விமானம் நின்றிருந்தது.

எந்த நாட்டு விமானப்படையிலும் இல்லாத விமானம். கடையில் வாங்கும் மாடல் கிட்டை அட்டைப்பெட்டியில் இருக்கிற படத்தைப் பார்த்து அப்படியே ஒட்டுவதெல்லாம் சோம்பேறி வேலை என்பான் அவன். குண்டுபோடும் விமானத்தின் வயிற்றை அறுத்து, கடலில் இறங்கும் விமானத்தின் மிதவைக் கால்களைப் பொருத்தி, இன்னொன்றின் இறக்கையைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டியிருந்தான். ஷாம்பூ மூடி என்ஜின் ஆகியிருந்தது, பேனா ரீஃபில் புகைக்குழாய் ஆகியிருந்தது. வீட்டில் எது காணாமல் போனாலும் அவன் மனைவி நேரே இந்த மேசைக்குத்தான் வருவாள். "பறக்காத பிளேனுக்கு என் கம்மல் திருகாணி கேக்குதா?" என்று ஒருநாள் பிடுங்கிக்கொண்டு போனாள். கைக்குக் கிடைத்தால் அது ஒரு பாகம். அவ்வளவுதான் அவன் சட்டம்.

வாண்டுவின் பால் பல்லும் அப்படித்தான் பாகமானது.

முன்பல் விழுந்ததும், "பத்திரமா வச்சுக்கோப்பா" என்று அவன் உள்ளங்கையில் வைத்திருந்தாள். அளவோ கச்சிதம். விமானி பொம்மையின் பிளாஸ்டிக் தலையை வெட்டிப் போட்டுவிட்டு, பல்லை அரத்தால் தேய்த்து மூக்கு வைத்தான், கன்னம் வைத்தான், இரண்டு சடையும் போட்டான். பல்லோடு மல்லுக்கட்டுவது அவனுக்குத் தினசரிப் பிழைப்பு, இது ஒரு பெரிய விஷயமா? உடம்பில்தான் ஒரு குறை. அச்சின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் எல்லாப் பிளாஸ்டிக் பொம்மைக்கும் தலையிலிருந்து குதிகால் வரை மெல்லிய கோடு ஒன்று எழும்பி நிற்கும். நகத்தால் தடவிக் கண்டுபிடித்து, கத்தியின் முதுகால் சுரண்டி எடுக்க வேண்டும். அதற்கு நேரமில்லை. காலையில் நூலக மாடியில் மாடல் செய்கிறவர்களின் கண்காட்சி.

"இது நான்தானே?" சாயங்காலம் மேசைமேல் மோவாயை வைத்துக்கொண்டு வாண்டு கேட்டாள்.

"சாட்சாத் நீயேதான்."

"நெஜமாவே உள்ள உக்காந்திருக்கிற மாதிரி இருக்குப்பா."

விமானி இருக்கைக்கு மேல் ஒட்டுகிற பிளாஸ்டிக் கண்ணாடி மூடியை அவன் கையில் எடுத்ததும் அவள் முகம் மாறியது.

"மூடாதப்பா."

"தூசி படிஞ்சிடும்டா கண்ணு."

"மூடாதப்பா. எனக்கு மூச்சு முட்டும்."

"அடியேய், உள்ள உக்காந்திருக்கிறது பொம்மை. உனக்கு ஏன் முட்டுது?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மூடி சரியாகப் பதிந்து உட்காரும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள், அப்புறம் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கண்ணாடிப் பாகத்துக்கு என்று வைத்திருந்த வெள்ளைப் பசை டப்பாவோடு காய்ந்து கிடந்ததால், அவசரத்துக்கு சூப்பர் க்ளூ போட்டிருந்தான். போடவே கூடாது. அதன் புகை உள்ளே சுற்றிச் சுற்றிப் படிந்து கண்ணாடியை வெளுக்க வைத்துவிடும். மாடல் ஒட்டப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இதைப் படித்துப் படித்துச் சொல்கிறவனே அவன்தான்.

இப்போது கண்ணாடி வெளுத்திருந்தது.

"எனக்கு நல்லா வேணும்" என்று தலையில் அடித்துக்கொண்டு விளக்கைக் கிட்டே இழுத்தான். பசையின் நெடி கண்ணைக் கரித்தது. அதற்குள் இன்னொரு வாசனையும் கலந்திருந்தது. வாண்டுவின் நெஞ்சில் தேய்க்கிற தைல வாசனை. கை கழுவாமல் மூடியைத் தொட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டான். குனிந்து பார்த்தான். வெளுப்பு கண்ணாடியின் ஓரத்திலிருந்து மெதுவாகச் சுருங்கி நடுவில் சின்ன வட்டமானது. பிறகு மறுபடி ஓரம் வரை பரவியது. சுருங்கியது. பரவியது.

பசைப் புகை அப்படிச் செய்யாது. ஒருதரம் படிந்தால் படிந்ததுதான்.

விளக்குச் சூடாக இருக்கும் என்று விளக்கை அணைத்தான். ஜன்னல் வழியாக வந்த தெருவெளிச்சத்தில் பார்த்தான். சுருங்கியது. பரவியது. மழைதான், ஈரக்காற்றுதான். என்னென்னவோ சொல்லிப் பார்த்துக்கொண்டான், மனசு கேட்கவில்லை. மேசைமேல் கன்னத்தை வைத்து, கண்ணாடியோடு காதை ஒட்டினான்.

கீச்சு.

கரகரப்பு.

கீச்சு.

ஒவ்வொரு மழைக்கும் அவன் காதோடு வாழ்ந்த சத்தம். கூட்டத்தில் விட்டாலும் கண்டுபிடித்துவிடுவான். ஊசி முனை அளவுக்குச் சின்னதாகியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓடினான். நடையில் முட்டி இடித்தது. படுக்கையறை விளக்கைப் போட்டான்.

"வாண்டு. வாண்டும்மா. எந்திரி."

அவள் திரும்பினாள். தூக்கக் கலக்கமே இல்லாத கண்கள்.

"மூச்சு நல்லா இருக்காடா?"

"நல்லா இருக்குப்பா. இரைப்பே இல்ல."

சிரித்தாள். முன்பல் விழுந்த ஓட்டை இல்லை. அவன் பட்டறையில் மெழுகில் வரிசை கட்டி வைப்பானே, அப்படி ஒரே உயரத்தில், ஒரே வெள்ளையில், எல்லாப் பல்லும் இருந்தன. அவன் கை தானாகப் போய் அவள் காதோர முடியை ஒதுக்கியது. எதற்குப் போகிறது என்று கைக்குத் தெரிந்திருந்தது. காதுக்குப் பின்னால் கட்டைவிரல் நகம் எதிலோ தட்டியது.

மெல்லிய கோடு.

கழுத்தில் இறங்கியது. தோளில் இறங்கியது. சட்டைக்குள் போனது.

"ஐயோ" என்றான்.

மேசைக்குத் திரும்பி வந்தது எப்படி என்று அவனுக்குத் தெரியாது. கண்ணாடி முழுக்க வெள்ளை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெள்ளையில் கடுகு அளவுக்கு ஓர் இடம் தெளிந்தது. உள்ளேயிருந்து. யாரோ உள்ளங்கையால் துடைக்கிற மாதிரி. உடனே மங்கியது. மறுபடி துடைபட்டது.

"அப்பா இருக்கேன்டா. இருக்கேன்டா. இதோ."

கத்தியை எடுத்தான். மூடியின் விளிம்பில் வைத்தான். நகரவில்லை. நான் ஒட்டினால் உடைத்தால்தான் பிரியும் என்று பீற்றிக்கொள்வானே, அந்த ஒட்டு. அழுத்தினால் கத்தி வழுக்கும். வழுக்கினால் நேராக உள்ளே, அவள் கழுத்துக்குத்தான் போகும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை ஊற்றினால் பசை விடும். கண்ணாடியும் உருகும். உள்ளே இருப்பதும் உருகும். ஒரு மயிரிழை பிசகாமல் பல் செதுக்குகிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு விளிம்பைச் சுரண்டினான். பொடி உதிர்ந்தது. துளி. இன்னொரு துளி.

கீச்சு. இடைவெளி. கரகரப்பு.

நீண்ட இடைவெளி.

பின்னால் தரை உரசும் சத்தம். திரும்பிப் பார்த்தான். கதவில் சாய்ந்துகொண்டு அவள் நின்றாள். நிற்கவில்லை, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் மடங்கியபடி. இரண்டு கையும் எதையோ பிடித்திருக்கிற வாக்கில் மடிக்கு மேல் இருந்தன.

"மூடியே இருக்கட்டும்பா," என்றாள். "தூசி படிஞ்சிடும்."

படுக்கையறையில் செல்போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருக்கும் மனைவி. தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள், கேட்பது ஒரே கேள்வி. தரை உரசும் சத்தம் உள்ளே போனது. அவனால் போக முடியவில்லை. கத்தியை எடுக்க முடியவில்லை. விளிம்பில் ஒரு மூலை இப்போதுதான் அசைந்திருந்தது.

"அப்பா பிளேன் செய்றாரும்மா," என்று உள்ளே குரல் கேட்டது. "இரைப்பா? சுத்தமா நின்னுடுச்சும்மா."

கண்ணாடியின் வெண்மை ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்தது. சுருங்கியது. நடுவில் வட்டமானது. புள்ளியானது. பிறகு பரவவில்லை. காலையில் கண்காட்சிக்கு எப்படி இருக்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டானோ அப்படி, ஒரு கறை இல்லாமல், பளிச்சென்று தெளிந்தது. உள்ளே, இருக்கையிலிருந்து பாதி எழுந்து, நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டியபடி, இரட்டைச் சடையோடு அவள் இருந்தாள். ஒரு சின்ன உள்ளங்கை அவன் பக்கம் விரிந்திருந்தது.