எண் 84 காலியாக இருக்கக் கூடாது

உயரத்தில்தான் முதலில் இடறியது. 1727-இல் படையில் சேரும்போது ஐந்தடி ஆறங்குலம் என்று பழைய படைப் பதிவேட்டில் பதியப்பட்டிருந்த ஒரு சிப்பாய், ஆறு வருடம் கழித்து நடந்த படை ஆய்வில் ஐந்தடி பத்தரை அங்குலமாக இருந்தான். முப்பத்தேழு வயதுவரை எவனும் வளர்ந்துகொண்டே போக மாட்டான். எழுத்தர் ஏதோ கலக்கத்தில் எழுதியிருப்பார் என்று எண்ணி, மெர்த்தா பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். நகராட்சி அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கோப்பு அடுக்கியவள். ஒரு தவறுக்காக வேலையை நிறுத்துகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

அடுத்தவன் சேரும்போது ஐந்தடி ஒன்பது. அடுத்த ஆய்வில் ஐந்தடி பத்தரை. அதற்கும் அடுத்தவன் ஆறடிக்கு மேல் இருந்தவன். அவனும் ஐந்தடி பத்தரைக்கு இறங்கியிருந்தான்.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

செப்டம்பர் கடைசி. அடுப்பில் பிர்ச் விறகு வெடித்துக்கொண்டிருந்தது. அப்பா சிக்ஸ்டன் இறந்து எட்டு வாரம் ஆகியும் நடையில் அவருடைய கோட்டு மாட்டியபடியே இருந்ததால், கதவு திறக்கும்போதெல்லாம் ஈரக் கம்பளியும் பழைய கொழுப்பு மெழுகும் கலந்த அந்த நாற்றம் சமையலறைக்குள் வந்து, காபியின் மணத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மேசையின் எதிர்ப்பக்கம் தம்பி ஸ்டெலன் மடிக்கணினியில் தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு அறுபத்து மூன்று, அவளுக்கு அறுபத்தாறு. சனி ஞாயிறுகளில் யோன்ஷோப்பிங் நகரத்திலிருந்து வந்துவிடுவான். ஷோல்ட் என்ற தங்கள் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்ப்பது அப்பாவின் சாவுக்குப் பிறகு அவன் ஆரம்பித்து வைத்த விளையாட்டு.

"ஒரு விஷயம் தெரிஞ்சுபோச்சு அக்கா" என்றான் அவன். "நாம ஒண்ணும் பெரிய பரம்பரை இல்ல. ஷோல்டுங்கிறது இந்தக் குடிலோட பேரு."

"குடிலோட இல்ல. குடில்ல இருக்கிற சிப்பாயோட பேரு."

"ரெண்டும் ஒண்ணுதானே."

ஒன்றுதான். சுற்றியுள்ள நான்கு பண்ணைகளும் சேர்ந்து ராஜாவுக்கு ஒரு சிப்பாயைக் கொடுக்க வேண்டும். அவனுக்கு ஒரு குடில், கொஞ்சம் நிலம், ஒரு பசு, ஒரு எண், அந்த எண்ணோடு ஒரு பெயர். அவன் செத்தால் வேறு எங்கிருந்தாவது ஒருவனைப் பிடித்து வந்து அதே குடிலில் வைத்து அதே பெயரைச் சூட்டுவார்கள். ரத்தம் பார்ப்பதில்லை. 1689 முதல் 1901 வரை எண் 84-இல் பதினொரு ஷோல்டுகள். ஒருவனுக்கு ஒருவன் உறவில்லை. பதினோராவது ஆள்தான் அவர்களுடைய கொள்ளுத்தாத்தா. படைமுறை ஒழிந்தபோது குடிலைத் தனக்கே எழுதி வாங்கிக்கொண்டவர். பலகை இன்னும் வாசல் கம்பத்தில் இருந்தது: 84.

"ஒருத்தன் போனா மூணு மாசத்துக்குள்ள அடுத்தவனைப் போட்டாகணுமாம்" என்றான் ஸ்டெலன். "இடம் காலியா இருக்கக் கூடாதாம். உன் ஆபீஸ்ல ஒரு நாற்காலி அஞ்சு வருஷம் காலியா கெடந்துதே."

அவள் குறிப்புகள் என்ற கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் ஷோல்ட், நில்ஸ் என்பவன், ஐந்தடி பத்தரை அங்குலம். *இடது சுண்டுவிரல் நுனி போரில் போனது.* இரண்டாமவன் சேரும்போது குறை ஒன்றுமில்லை. அடுத்த ஆய்வில்: *இடது சுண்டுவிரல் நுனி இல்லை.* மூன்றாமவன். நான்காமவன். கை மாறிக் கை மாறி வந்த மை, ஒரே வாக்கியம்.

நில்ஸுக்கு மட்டும் இறப்புப் பதிவு எங்குமே இல்லை.

அப்பாவுக்கும் இடது சுண்டுவிரல் நுனி கிடையாது. விறகு பிளக்கும்போது போனது. தாத்தா அல்பினுக்கும் கிடையாது. கதிரடிக்கும் இயந்திரத்தில் போனது என்பார்கள்.

அடுத்த இரண்டு வாரமும் அவள் முறையாக வேலை செய்தாள். ஒரு பெரிய தாளில் கோடு போட்டு, பெயர், முன்னவன் இறந்த தேதி, விரல் போன தேதி என்று எழுதினாள். பதினொரு சிப்பாய்கள், பன்னிரண்டாவதாகத் தாத்தா, பதின்மூன்றாவதாக அப்பா. தாத்தா இறந்தது 1964 நவம்பர் 12. அப்பாவின் விரல் போனது 1965 பிப்ரவரி 12. மருத்துவமனைச் சீட்டு அலமாரியில் இருந்தது. அப்பா இறந்தது இந்த ஆண்டு ஆகஸ்ட் 3. பதினான்காவது வரிசையில் நவம்பர் 3 என்று எழுதி, பக்கத்தில் ஸ்டெலன் என்று எழுதியபோது பென்சில் முனை ஒடிந்தது.

அவன் தாளைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"நல்லா இருக்குக்கா. இதுல நீ எங்க?"

"நான் எழுதுறவடா. எழுதுறவ பேரை யாரு பட்டியல்ல போடுவா?"

"அதானே! ஆபீசர் அம்மா எப்பவும் மேசைக்கு அந்தப் பக்கம்."

"சிரிக்காத ஸ்டெலன். அப்பா எப்படி இருந்தார்னு உனக்குத் தெரியாது."

"தெரியாதா? அறுபது வருஷம் பார்த்திருக்கேன். கல்லு மாதிரி."

"நீ பார்த்தது அவரை இல்ல."

அப்பாவின் விரல் போனபோது அவனுக்கு மூன்று வயது, நினைவிருக்க வழியில்லை. அவளுக்கு ஆறு. அதற்கு முன் அப்பா தரையில் மல்லாந்து படுத்து, அவளை வயிற்றின் மேல் உட்கார வைத்து, அவள் முதுகுக்குப் பின்னால் அக்கார்டியனை விரித்து மூடி வாசிப்பார். அவர் சிரிக்கும்போது அவள் படகில் இருப்பதுபோல ஏறி இறங்குவாள். அந்தப் பிப்ரவரியில் கட்டுப்போட்ட கையோடு மருத்துவமனையிலிருந்து வந்தவர் அக்கார்டியனை என்ன பொருள் என்று தெரியாதவர்போலப் பார்த்தார். அன்று முதல் ஒவ்வொரு நாளும் வெளிச்சம் மங்கும் நேரத்தில் விறகுக் கொட்டகை அருகே, குதிகால்களை ஒட்டி, ஊசியிலைக் காட்டைப் பார்த்து நின்றார். அம்மா ஜன்னலைத் திறந்து, "சிக்ஸ்டன், காபி ஆறுது!" என்று கூப்பிடுவாள். திரும்ப மாட்டார். முதலில் கோபமாக, பிறகு கெஞ்சலாக, கடைசி வருடங்களில் ஜன்னலைத் திறக்காமல் தனக்குத்தானே.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை, வாசல் பலகையைப் படம் எடுத்து வருகிறேன் என்று போன ஸ்டெலன் திரும்பவில்லை. கால்மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மெர்த்தா வெளியே வந்தாள். அவன் கொட்டகை அருகே நின்றுகொண்டிருந்தான். குதிகால்கள் ஒட்டி. கையில் கைபேசி எரிந்துகொண்டிருந்தது. தோளைத் தொட்டதும் துள்ளினான்.

"எவ்வளவு நேரமா நிக்கிறேன்?"

அவள் சொன்னாள். அவன் முகத்திலிருந்து கேலி இறங்கியது. முதன்முறையாக அவன் அம்மாவைப்போல இருந்தான்.

"என்னக்கா பண்றது?"

அதையும் அவள் யோசித்து வைத்திருந்தாள். எண் 84 ரத்தம் கேட்கவில்லை, எந்த ஊர்க்காரனையும் எடுத்துக்கொண்டது. அது கேட்பது பெயரை. ஸ்டெலனுக்குப் பிள்ளைகள் இல்லை. மெர்த்தாவின் மகள் தன் தகப்பன் பெயரைச் சுமப்பவள். ஆகவே ஒருவன் பெயரை மாற்றினால் போதும். அன்றே அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரான ஹாலினுக்கு விண்ணப்பம் நிரப்பினார்கள். அவன் கையெழுத்துப் போட்டான்.

ஒப்புதல் கடிதம் அக்டோபர் 31, வியாழக்கிழமை வந்தது. அவள் தொலைபேசியில் படித்துக் காட்டினாள். மறுமுனையில் அவன் அழுதான்; அழுவதை இருமலாக மாற்றினான். மெர்த்தா தாளில் பதினான்காவது வரிசையை ரப்பரால் சுத்தமாகத் துடைத்து, துகளை ஊதினாள். கட்டம் காலியாக இருந்தது. அன்று நெடுநாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை கட்டிலருகே அவளுடைய பூட்ஸ் ஈரமாக இருந்தது. நேற்று விறகெடுக்கப் போனதில் நனைந்திருக்கும்.

அப்பாவின் கோட்டைப் பையில் கட்டி அப்புறப்படுத்தினாள். நாற்றம் போகவில்லை. சனிக்கிழமை அது படுக்கையிலும் இருந்தது. தன் கம்பளிக் கோட்டைப் போட்டபோது அதன் கைகள் மணிக்கட்டுக்கு மேலே நின்றன. நனைந்து சுருங்கிவிட்டது என்று நினைத்தாள். காபி போட மேல் தட்டிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்தாள். முக்காலி மூலையிலேயே கிடந்தது.

ஞாயிறு, நவம்பர் 3. இரண்டரை மணிக்கு ஸ்டெலன் பச்சைப் பாதாம் பூச்சுக் கேக்கோடு வந்தான். மேலே சர்க்கரையால் ஹாலின் என்று எழுதியிருந்தது.

"பட்டாளத்துக்கு டாட்டா!" என்று கத்திக்கொண்டே வந்தவன், அவளைக் கட்டிப்பிடித்தபின் ஒரு அடி பின்வாங்கினான். "என்னக்கா, ஹீல்ஸ் போட்டிருக்கியா வீட்டுக்குள்ள?"

"வெறுங்காலோடதான் இருக்கேன்."

"வயசானா எல்லாரும் குறுகுவாங்க. நீ எல்லாத்துலயும் எதிர்க்கட்சி."

இருவரும் சிரித்தார்கள். அவன் இடது கையை விரித்து ஐந்து விரலையும் ஆட்டிக் காட்டினான். ஐந்தும் முழுசாக. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போதும். இவன் ஒருவன் மிஞ்சினான், அது போதும்.

"அடுப்பு தணியுது. ரெண்டு சுள்ளி பிளந்துட்டு வரேன். நீ காபி ஊத்து."

வெளியே வெளிச்சம் வடியத் தொடங்கியிருந்தது. முதல் பனி, மாவு தூவியதுபோல, கொட்டகைக் கூரையிலும் வெட்டுக்கட்டையிலும். காற்றில்லை. காட்டில் ஒரு பறவையும் இல்லை. பின்னால் ஜன்னலுக்குள் ஸ்டெலன் கோப்பைகளை வைக்கும் சத்தம், ஏதோ பாட்டின் சீட்டி. அவள் ஒரு கட்டையை இடது கையால் பிடித்து நிறுத்தினாள். கோடரியை ஓங்கும்போது, தாளில் காலியான அந்தக் கட்டம் நினைவுக்கு வந்தது. விவாகரத்துக்குப் பிறகு அவள் தானே போய், தானே படிவம் நிரப்பி, திரும்ப வாங்கிக்கொண்ட பெயர். எவ்வளவு பெருமையாக.

மெர்த்தா ஷோல்ட்.

கோடரி இறங்கியது.

வலி இல்லை. வெட்டுக்கட்டை மேல் பனியில் ஒரு சிறு துண்டு. நகத்தோடு. அதைச் சுற்றி மெல்லச் சிவப்பு.

ஸ்டெலனைக் கூப்பிட வேண்டும். வாய் திறக்கவில்லை. கோடரி கையிலிருந்து விழுந்தது. குதிகால்கள் ஒன்றையொன்று தேடிப் போய் ஒட்டின. முதுகு நிமிர்ந்தது. முகம் காட்டின் பக்கம் திரும்பியது.

அங்கே நின்றார்கள்.

மரங்களின் விளிம்பில். வரிசையாக. கோட்டில்லாமல் வெறும் சட்டையோடு. அப்பா எத்தனை வருடம் எதைப் பார்த்து நின்றார் என்று இப்போது தெரிந்தது. இல்லை. கொட்டகை அருகே நின்றது அப்பா இல்லை. அப்பா அந்த வரிசையின் கடைசியில் நின்றார், முப்பத்தாறு வயதில், கட்டுப் போடாத முழுக் கையோடு. அவளைத் தூக்க வருபவர்போல இரண்டு கைகளையும் நீட்டியிருந்தார். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

ஒரு கண்ணிமைப்பு.

இப்போது மெர்த்தாவின் கால்களுக்குக் கீழே ஊசியிலை. தோளருகே இன்னொரு தோள், பனியைப்போல. எதிரே, முற்றத்துக்கு அப்பால், மஞ்சள் வெளிச்சமுள்ள ஜன்னல். கொட்டகை அருகே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். உயரமானவள். கை பத்தாத கோட்டு. இடது கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவள் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆட்டைக் காவல் காக்கிறவன் காட்டைப் பார்ப்பதுபோல. வரிசையில் ஒருவரும் மரங்களை விட்டு வெளியே ஓர் அடி வைக்கவில்லை.

ஜன்னல் திறந்தது.

"அக்கா, காபி ஆறுது!"

அந்தப் பெண் திரும்பவில்லை.

"என்ன, உன்னையும் பட்டாளத்துல சேத்துட்டாங்களா?"

சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து, இரண்டு கைகளிலும் இரண்டு கோப்பையோடு ஸ்டெலன் பனியில் இறங்கினான். செருப்போடு. ஆவி பறந்தது. மெர்த்தா கத்தினாள். கத்தினாள். வாய் மட்டும் திறந்திருந்தது. அவன் அந்தப் பெண்ணின் பக்கத்தில் வந்து, ஒரு கோப்பையை நீட்டி, அவள் பார்க்கும் திசையிலேயே காட்டைப் பார்த்தான். எதுவும் தெரியாதவனாகக் கண்ணைச் சுருக்கினான். அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

வேறு செய்வதற்கு ஒன்றுமில்லாமல், மெர்த்தா வரிசையை எண்ணினாள். பன்னிரண்டு பேர். மறுபடி எண்ணினாள், தன்னையும் சேர்த்து: பதின்மூன்று. தாளில் இருந்தது பதினான்கு; வரிசையில் இல்லாதவன் நில்ஸ் மட்டும்.