ஒதுங்கிக் கொடுத்த இடம்

நுரையீரல் செல்கள் வளரும் தட்டின் நடுவில் வட்டமாக ஒரு காலியிடம். நேற்றுவரை தோளோடு தோள் ஒட்டிக் கிடந்த நல்ல செல்கள், யாரோ வரப்போகிறார்கள் என்பதுபோல மரியாதையாக ஒதுங்கியிருந்தன. சின்னவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். குளிர்பெட்டியின் ஓயாத உறுமல், மூக்கில் ஏறும் ஸ்பிரிட் வாடை, மேசைமேல் சரிந்து கிடந்த மாலை வெயில், அதில் நீண்ட அவளுடைய நிழல் என்று ஆய்வகத்தில் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. இந்தத் தட்டு மட்டும்தான் மாறியிருந்தது.

தப்பு அவளுடையதுதான். அக்காவின் மார்பிலிருந்து வெட்டியெடுத்த புற்றுக்கட்டியின் செல்களை, அக்காவின் சம்மதத்தோடு, பக்கத்துத் தட்டில் வளர்த்து வந்தாள். அவை ஊறிய நீரை வடிகட்டியபின், இனி இதில் என்ன இருக்கிறது என்ற மெத்தனத்தில் இந்த நுரையீரல் தட்டில் ஊற்றிவிட்டாள்.

"வெறும் தண்ணின்னு நெனச்சியாம்மா?" சீனியர் கையுறையைக் கழற்றியபடி சிரித்தார். "வடிகட்டியில செல்தான் நிக்கும். அது வெளிய விடுற எக்சோசோம் நிக்காது. பொடிப்பொடிப் பொட்டலம். போக வேண்டிய உறுப்புக்குப் புற்று முதல்ல அதைத்தான் அனுப்பும். அங்க இருக்கறதை மசிய வச்சு இடம் பிடிச்சிடும். புற்று அப்புறம் சாவகாசமா வரும்."

சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிப் போனார். அவள் கிளம்பவில்லை. வேரோடு எடுத்தாயிற்று என்று சர்ஜன் சொன்னபோது அழுதுகொண்டே சிரித்த குடும்பம் அது. எடுப்பதற்கு முன்னால், அத்தனை மாதம், அந்தக் கட்டி சும்மாவா இருந்திருக்கும்?

பார்த்துவிட வேண்டும். அக்காவின் கட்டிச் செல்கள் கலந்த நீரில் ஒரு சொட்டு எடுத்து, நுரையீரல் தட்டின் ஓரத்தில் விட்டாள்.

போன் அடித்தது. அக்கா.

"இன்னும் கெளம்பலையாடி? நான் ஜம்முனு இருக்கேன். சும்மா ஒரு வறட்டு இருமல், அவ்வளவுதான்."

"எப்போலருந்துக்கா?"

"டாக்டர்தான் சுத்தமா எடுத்தாச்சுன்னாரே. நீ வேற உயிரை வாங்காத."

அக்கா இருமினாள். விடாமல் இருமினாள். போனைக் காதில் வைத்தபடியே சின்னவள் நுண்ணோக்கியில் குனிந்தாள்.

ஒரு செல் மிதந்து வந்தது. தடுமாறவில்லை. தேடவில்லை. நேராக நடுவில் இறங்கியது. உட்கார்ந்தது.

சுற்றியிருந்த நல்ல செல்கள் அசைந்தன. விலகவில்லை. நெருங்கின. ஒவ்வொன்றாக. அதை அணைத்துக்கொண்டன.