சாயாத அடுப்பு

'இந்த மனுஷனுக்கு அழக்கூடத் தெரியலையே...'

அவள் மனசுக்குள் நினைத்தாள். அத்தான் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டே இருந்தான். கைக்குட்டை காய்ந்தே இருந்தது.

அக்கா மார்ச்சுவரியில்... கொதிக்கும் எண்ணெயில் பாதி உடம்பு வெந்துபோய்.

படகுக் கருவிகளைப் பழுது பார்க்கும் அவளுடைய பட்டறை. ஸ்டூலில் தூசியைத் தட்டிவிட்டுத்தான் அத்தான் உட்கார்ந்திருந்தான். பொண்டாட்டி செத்த மறுநாளும் பேண்ட்டில் கறை படக்கூடாது.

"அலை ஓவரா இருந்துச்சு சின்னவளே. உங்கக்கா எண்ணெய் காய வச்சிருந்தா. படகு சாஞ்சுது. அப்படியே அவ மேல..."

"அடுப்பு சாயாதே அத்தான்."

அவளே மாட்டிக்கொடுத்த அடுப்பு. ஒன்றுக்குள் ஒன்றாய் இரண்டு வளையம். படகு எப்படிப் புரண்டாலும் வளையங்கள் திரும்பிக்கொள்ளும்... அடுப்பு மட்டும் நேராய் நிற்கும்.

"அதான் விஷயம். வளையத்துல பின் குத்தியிருந்துச்சு. ஆடாம பூட்டியிருந்துச்சு."

"கரையில கட்டி வைக்கும்போதுதான் பின் குத்தணும்."

"போன வாரம் சர்வீஸ் பண்ணது நீதானே? எடுக்க மறந்துட்டே."

ஓ... இதற்குத்தான் இந்த ஈரமில்லாத அழுகை.

"இன்ஸ்பெக்டர் கேட்டா மறந்துட்டேன்னு சொல்லிடு. கவனக்குறைவுதானே... பெரிய தண்டனை வராது. நான் பாத்துக்கறேன்."

எவ்வளவு பெரிய மனசு! அக்காவைக் கொன்ற பழியை அவள் தலையில் கட்டிவிட்டு, ஆறுதலும் சொல்கிறான்.

"அந்தப் பின்னைப் பாத்தீங்களா?"

"என் கண்ணால பாத்தேன். மஞ்சளா, பளபளன்னு. போலீஸ் எடுத்து வச்சிருக்கு."

"பித்தளை."

"ஏதோ ஒண்ணு. பின்னுன்னா பின்னுதான்."

சொந்தமாய்ப் படகு வைத்திருப்பவன் பேசுகிற பேச்சு. அதன் மேல் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள மட்டும் தெரியும்.

"அடுப்போட பின் இரும்பு அத்தான். வளைஞ்சிருந்துச்சு, சர்வீஸ் அப்போ கழட்டிட்டு வந்துட்டேன். போன வாரத்துலேர்ந்து அந்த அடுப்புல பின்னே கிடையாது."

கைக்குட்டை பாதி வழியில் நின்றது.

"பித்தளைப் பின் காம்பஸ் வளையத்துக்கு. பக்கத்துல இரும்பு இருந்தா முள்ளு அதும் பக்கம் இழுத்துக்கும். உங்க ஸ்டியரிங் கேபின்ல, காம்பஸ் பக்கத்துலயே தொங்கும். அந்தக் கேபின் சாவி யார்கிட்ட இருக்கு?"

அவன் கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தொட்டது.

"படகுல நீங்களும் அக்காவும்தான். உங்களை விட்டுட்டுப் போகப் போறதை நேர்ல சொல்லிடறேன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் படகேறினா. சொன்னா. எண்ணெயை ஊத்தினீங்க. சாயாத அடுப்பு எப்படிச் சாஞ்சுதுன்னு கேப்பாங்களேன்னு அப்புறம்தான் உறைச்சுது. அடுப்புப் பின்னைத் தேடினீங்க... இல்ல. கையில கிடைச்சதைக் குத்தினீங்க."

அத்தான் மூஞ்சியில் சோகம் இருந்த இடமே தெரியவில்லை.

"அந்த இரும்புப் பின்னைக் குடு."

"காலையிலேயே இன்ஸ்பெக்டர் வாங்கிட்டுப் போயிட்டார்."

"அப்போ... நான் வர்றதுக்கு முன்னாடியே..."

"எல்லாம் சொல்லிட்டேன். நீங்க யார் தலையில கட்டப் போறீங்கன்னு மட்டும் அவருக்குத் தெரியல. பொறுத்துப் பாப்போம்னு வாசல்ல நிக்கறார்."

வாசலில் பூட்ஸ் சத்தம். இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். அத்தான் எழுந்தான். அலையே இல்லாத சிமெண்ட் தரையில் ஆடினான்.

"நான் உங்கக்கா புருஷன்டி," குரல் காதருகே குழைந்தது. "மறந்துட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை..."

"மாட்டேன் அத்தான்," என்றாள் மெதுவாக. "கிளம்புங்க. சார்கிட்டயும் ரெண்டு வளையம் இருக்கு. அது பூட்டினாத்தான் வேலை செய்யும்."