தாடைக்குக் கேட்ட நிலவு

நிலவின் பாறைக்குள் அமைந்த பிறைக்குடியில் மூவாயிரம் பேரும் பல்லுறை அணிந்துதான் உறங்கினார்கள். காற்று கசிந்துவிடுமோ என்ற பயத்தை விழித்திருக்கையில் சிரித்து மறைத்தவர்கள், உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்துத் தேய்த்தார்கள். கடியின் விசையை உறை தாங்கிக்கொள்ளும்; எப்போது, எவ்வளவு அழுத்தமாகக் கடித்தார்கள் என்பதையும் பதிந்துவைக்கும்.

சுரங்கத் தொழிலாளி சவரிமுத்து கன்னத்தைப் பொத்திக்கொண்டு பல் மருத்துவர் செண்பகவடிவிடம் வந்தார். உறையையும் மீறிக் கடைவாய்ப் பல் பிளந்திருந்தது.

"புது உறை வந்திருக்காமே டாக்டரம்மா. தாடையவே தளர்த்தி, கடிக்கவே விடாதாம். அதை மாட்டிவிடுங்க."

"மாட்டலாம்ண்ணே. பழைய பதிவை ஒரு தடவை பாத்துக்கிறேன்."

பல் பிளந்த நேரம் 4.10. காலையில் வந்த இன்னொருவரின் பதிவிலும் அதே நேரம்தான். சந்தேகத்தில் ஊரார் அனைவரின் பதிவையும் திரையில் விரித்தாள். அப்போது உறங்கிக்கொண்டிருந்த எண்ணூறு பேரும் ஒரே நொடியில் கடித்திருந்தார்கள். நான்கு நிமிடம் கழித்து நிலவு அதிர்ந்திருந்தது.

பழைய அதிர்வுகளைத் தேடினாள். பதினோரு அதிர்வுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம் முன்னால் அதே கடி. எந்தக் கருவிக்கும் எட்டாத பாறையின் முதல் முனகல், உறங்குகிறவர்களின் எலும்புக்கு எட்டியிருந்தது.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"நிலா பேசுறது உங்க தாடைக்குக் கேக்குதுண்ணே."

விவரம் கேட்ட சவரிமுத்து தன் பழைய உறையைக் கையில் எடுத்துக்கொண்டார். "அப்ப எனக்குப் புதுசு வேணாம்," என்றார்.

ஊர் பயந்துவிடக் கூடாதென்று நிர்வாகியிடம் மட்டும் செண்பகவடிவு சொன்னாள். பல்லுறைகள் அபாய மணியோடு இணைக்கப்பட்டன. ஏதோ புதுக் கருவி என்று மக்கள் நினைத்துக்கொண்டார்கள். பதினேழாம் நாள் மணி அலறியது. கிழக்குக் குகையிலிருந்து நானூறு பேர் வெளியேறிய பிறகே கூரை சரிந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

மறுநாள் சவரிமுத்துவின் பதிவை ஆசையோடு திறந்தாள். பதினேழு நாளும், படுத்தது முதல் எழுந்தது வரை விடாமல் ஒரே கடி. நிலவு எப்போது பேசுமோ என்று காத்துக் கிடந்த தாடைக்கு, அது பேசியபோது கேட்கவில்லை. ஒன்றும் அறியாதவர்களுக்குத்தான் கேட்டிருந்தது.

அவருக்குப் புது உறையை மாட்டி அனுப்பினாள்.

அடுத்து வந்தவள் பள்ளி ஆசிரியை ஒருத்தி. முன்பற்கள் பாதியாகத் தேய்ந்திருந்தன.

"எனக்கும் அந்தப் புது உறை குடுங்க டாக்டர். வலி தாங்க முடியல."

செண்பகவடிவு அவள் முகத்தைப் பார்க்காமல் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"அது உங்க தாடைக்கு ஒத்துக்காதும்மா. பழசே இருக்கட்டும்."

"நீங்க சொன்னா சரிதான்," என்று அந்தப் பெண் நம்பிக்கையோடு வாயைத் திறந்தாள்.