ஜன்னலோரத் தங்கத் தகடு

மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கையைத் துப்பறிவாளரின் மேசைமேல் ஊன்றியபடி நின்றார் அந்த ஆள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பக்கத்தில் அவர் மனைவி.

"ஆராய்ச்சிக்கூடத்துல துப்புரவு வேலை பாக்குறா. தங்கத் தகட்டை ஈரத்துணியால துடைச்சுக் கெடுத்துட்டாளாம், நேத்து வெளிய தள்ளிட்டாங்க. கண்டதுல கை வைக்கிறவன்னு பேர் ஆகிட்டா, அப்புறம் எவன் வேலை குடுப்பான்?"

"தங்கமா? திருட்டுதான் அத்தான்!" துப்பறிவாளரின் மச்சினன் வண்டிச் சாவியை எடுத்தேவிட்டான்.

"தகடு பத்திரமா இருக்கு மாப்ளே. காதைத் திற, வாயை மூடு," என்றார் துப்பறிவாளர். நிதானம் என்பதே அவருக்கு வழங்கும் பெயர். அக்காவின் கணவராயிற்றே என்று மச்சினன் வாயை மூடிக்கொண்டான்.

நால்வரும் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனார்கள். அறை முழுக்க மஞ்சள் குழல்விளக்கு; எல்லார் முகத்திலும் காமாலை. தகட்டைச் செய்த ஆராய்ச்சி மாணவி அழுது முடித்த முகத்தோடு விளக்கினாள்.

"தங்கத்து மேல ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்குப் படலம். புல்லு மாதிரி நிமிர்ந்து நிக்கும். புற ஊதா ஒளி பட்டா மடங்கிக்கும், நீல ஒளி பட்டா திரும்ப எழும்பும். அதுக்கேத்த மாதிரி தங்கத்துலருந்து எலெக்ட்ரான் வெளியேறுறது சுலபமாகும், இல்ல கஷ்டமாகும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. இந்த ஊசி மேல நகர்ந்து அளந்தாதான் தெரியும். நேத்து காலையில சரியா இருந்துச்சு. சாயங்காலம் தகட்டு நடுவுல அளந்தா எண்ணே மாறிப்போச்சு."

"தகடு எங்க கிடந்துச்சு?"

"பெட்டியில இருக்க வேண்டியது, ஜன்னல் விளிம்புல கிடந்துச்சு."

"அதான் சொல்றேனே," என்றார் வாசலில் நின்ற ஆய்வுத் தலைவர். வெளிநாட்டுப் பயணம் முடித்து முந்தின நாள் காலையில்தான் திரும்பியவர். "துடைக்க எடுத்தவ அங்கயே போட்டுட்டா. இதுல ஆராய என்ன இருக்கு?"

நிதானம் ஜன்னலருகே போய்க் கண்ணாடியை விரலால் தடவினார். மஞ்சள் தாள். பசை வாடை இன்னும் போகவில்லை.

"இதை எப்ப ஒட்டினீங்க?"

"போன வாரம்," என்றாள் மாணவி. "நான் ஒட்டினேன், இந்த அக்காதான் ஏணியைப் பிடிச்சாங்க. நீல ஒளி உள்ள வரக்கூடாதுன்னு."

"கெட்டுப்போன தகட்டுல நீல விளக்கு அடிச்சுப் பாக்கலையா?"

"அடிக்கத்தான் போனேன். துடைச்சுப் போனதுக்கு விளக்கு எதுக்குன்னு சார் தடுத்துட்டார்."

"இப்போ முழுத் தகட்டையும் அளம்மா. நடுவுல மட்டும் போதாது."

ஊசி வரிவரியாக நகர்ந்தது. மச்சினன் கணினித் திரையை மூக்கால் தொடும் தூரத்தில் நின்றான். ஓரமெல்லாம் நீல நிறம். நடுவில் சிவப்பாக ஓர் இறக்கை, பிறகு ஓர் அலகு.

"அத்தான், குருவி!"

"ஈரத்துணியால குருவி வரைய முடியுமா?" என்றார் நிதானம். "யாரோ அட்டையில குருவி வெட்டி, அந்த ஓட்டை வழியா புற ஊதா ஒளியை விட்டிருக்காங்க. அந்த விளக்கு எங்க இருக்கும்?"

"பூட்டின அலமாரியில. சாவி என்கிட்ட ஒண்ணு, சார்கிட்ட ஒண்ணு."

"அப்போ இந்தப் பொண்ணுதான்!" என்றான் மச்சினன். மாணவி முறைத்த முறைப்பில் ஓரடி பின்வாங்கினான்.

"யோசி மாப்ளே. விளையாட்டை முடிச்சவங்க குருவியை அழிக்கணும். வெயில்ல நீல ஒளியும் இருக்கு. ஜன்னல்ல வச்சா அழிஞ்சிடும்னு தகட்டை அங்க வச்சிருக்காங்க. ஆனா தாள் ஒட்டினதால நீல ஒளி உள்ளயே வரலை, குருவி அப்படியே தங்கிடுச்சு. ஒட்டின பொண்ணு அங்க வைப்பாளா? ஏணி பிடிச்ச அம்மாதான் வைப்பாங்களா? தாள் ஒட்டினதே தெரியாத ஆள்தான் வச்சிருக்கணும். இந்த மஞ்சள் விளக்குல கண்ணாடி நிறம் மாறினது கண்ணுல படாது. ஊர்ல இல்லாத ஆளுக்கு எப்படித் தெரியும்?"

யாரும் ஆய்வுத் தலைவரைப் பார்க்கவில்லை. அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"என் பாப்பாவைக் கூட்டிட்டு வந்திருந்தேன், அவளுக்கு வேடிக்கை காட்டத்தான் குருவி," என்றார். "வெளியாளை உள்ள விடக்கூடாதுன்னு சட்டம் போட்டவனே நான்தான். வெயில் சூட்டுல படலமே போயிருச்சோன்னு பயந்துட்டேன். பக்கத்துல இந்தம்மா வாளி இருந்துச்சா, ஈரத்துணின்னு வாயில வந்துடுச்சு."

மாணவி நீல விளக்கை ஏற்றிக் காட்டிவிட்டு மறுபடி அளந்தாள். குருவி இல்லை. தகடு முந்தின நாள் காலையில் இருந்த மாதிரியே இருந்தது.

ஆய்வுத் தலைவர் துப்புரவுக்காரம்மாவின் பக்கம் திரும்பினார். "தப்பு என்னுதும்மா," என்று முணுமுணுத்தார். "நாளைக்கு வேலைக்கு வந்துடு."

அந்த அம்மா நகரவில்லை.

"சத்தமா சொல்லுங்க சார். திட்டும்போது மாடி வரைக்கும் கேட்டுச்சு."

மச்சினன் போய் அறைக் கதவை அகலத் திறந்துவைத்தான். இந்த முறை நிதானம் அவனைத் தடுக்கவில்லை. நடைவழியில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். ஆய்வுத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.