முக்காலியில் வெல்வெட்

மாட்டுங்காவில் அபுதாஹிரின் ஃபோட்டோ ஸ்டூடியோ. 1946, மே மாதம், பகல் பதினொரு மணி. உட்கார்ந்திருந்தவர்கள் வருமாறு: நடு நாற்காலியில் அப்பா வேங்கடசுப்ரமணியன், கறுப்புக் கோட்டோடு. அவருக்கு வலப்பக்கம் அகிலாண்டம் அத்தை, கனத்த பட்டுப் புடவையோடு. இடப்பக்கம் அம்மா ராஜலக்ஷ்மி. அம்மா மடியில் மூன்று வயது மகாதேவன், வெல்வெட் கோட்டோடும் அழுகையோடும். முன்னால் ஒரு முக்காலி. அது காலி.

அதில் உட்கார வேண்டிய வாலாம்பாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கு வயது பத்து.

அவள் போட்டிருந்தது கையில்லாத வெள்ளைக் கவுன். துணிக்கு ரேஷன் நடந்த காலம் அது. அப்பாவின் கிழிந்த மல் வேட்டியை வெட்டி, நாலு நாள் உட்கார்ந்து அவளே தைத்தாள். பச்சைக் கரையைக் கழுத்தைச் சுற்றி வைத்திருந்தாள். காற்றடித்தால் கவுன் குடை மாதிரி விரியும்.

அத்தை கையில் சிவப்பு வெல்வெட் பாவாடை. பாலக்காட்டுப் பெரியப்பா அனுப்பியது. ஃபோட்டோவும் அவருக்குத்தான் போகப்போகிறது. அவர் வாலாம்பாளைப் பார்த்து ஐந்து வருஷம் ஆகிறது.

"அண்ணா தேடிப் பிடிச்சு வாங்கினது. உள்ளே போய் மாத்திண்டு வா. இல்லாட்டா நீ இல்லாமயே எடுத்துடலாம்" என்றாள் அத்தை.

"அதுக்குள்ள நுழைஞ்சா வெந்துடுவேன், அத்தை."

"அதுக்காக வேட்டியோட நிப்பியா? அண்ணா என்ன நினைப்பார்?"

"நன்னாயிருக்குன்னு நினைப்பார்."

அப்பா இருமினார். சிரிப்பை மறைக்க அவர் அப்படித்தான் இருமுவார்.

அபுதாஹிர் கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "ஒரே ஒரு படத்துக்குத்தான் பிளேட்டு இருக்கு, சார். புள்ள ஆடினா மூஞ்சி மூணாத் தெரியும்."

மகாதேவனின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. வாலாம்பாள் விறுவிறுவென்று வந்து அவன் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினாள்.

"என்னடி பண்றே?"

"தம்பியை வெளியிலே எடுக்கறேன்."

அவள் கொண்டுவந்திருந்த துணிப்பையிலிருந்து ஒரு குட்டிச் சட்டை வந்தது. அதே வேட்டியின் மிச்சம். அதைப் போட்டதும் அவன் இரண்டு முறை விக்கினான், அழுகை நின்றது. அப்பா மெதுவாகத் தன் கோட்டையும் கழற்றினார்.

வாலாம்பாள் அத்தை பக்கம் திரும்பினாள். "பெரியப்பா இந்தப் பாவாடையைப் பாக்கணும், அவ்வளவுதானே?"

அதை வாங்கி, முக்காலியின் மேல் மடிப்பு மடிப்பாக விரித்தாள். மகாதேவனை அதன்மேல் உட்கார வைத்தாள். அவன் குட்டி ராஜா போல் வெல்வெட்டைத் தடவிக்கொண்டே அக்காவின் கவுனை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"நான் நகர்ந்தா இவன் அழுவான்" என்றாள் வாலாம்பாள். நிமிர்ந்து நின்றாள்.

அத்தை ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"அசையாதீங்கம்மா" என்றார் அபுதாஹிர். க்ளிக்.

அடுத்த வாரம் ஃபோட்டோ வந்தது. அதில் அத்தையின் வாய் திறந்தபடியே இருந்தது. வீட்டில் கடிதம் எழுதுவது வாலாம்பாளின் வேலை.

"அளவு சரி பண்ணக் குடுத்த பாவாடையைத் தையல்காரன் நேரத்துக்குத் தரலைன்னு எழுது" என்றாள் அத்தை.

வாலாம்பாள் எழுதினாள்: "முக்காலியில் இருப்பது தாங்கள் அனுப்பிய வெல்வெட். அதன்மேல் மகாதேவன். பக்கத்தில் நிற்பது நான். கவுன் நானே தைத்தது. மே மாதத்தில் இப்படித்தான் உடுத்துவேன். அத்தைக்கும் ஒன்று தைக்க, அப்பாவின் அடுத்த வேட்டி கிழியக் காத்திருக்கிறேன்."

"படி, கேக்கறேன். இல்லே, இரு. நானே பாக்கறேன்" என்று அத்தை மூக்குக்கண்ணாடியைத் தேடப் போனாள்.

அது கிடைப்பதற்குள் வாலாம்பாள் உறையை ஒட்டி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டாள்.